கதிர்ப் படுக்கையிலும் ஆங்கிலமா?

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை, கடலோர ஊர்களில் புற்றுநோய்க்குப் பண்டுவம் பெற்றுத் திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். “கரண்டு வைத்தார்கள்” என்பார்கள். இருபத்தைந்து நாள் கரண்டு, முப்பத்தைந்து நாள் கரண்டு என்று கணக்கும் சொல்வார்கள். செங்கற்பட்டிலும் அச்சொல்தான், காஞ்சியிலும் அச்சொல்தான், தமிழ்நாட்டின் எந்த மூலைக்குச் சென்றாலும் அச்சொல்தான். கதிரைக் கொண்டு கட்டியை அழிக்கும் ஒரு மருத்துவத்திற்கு, கம்பியைத் தொட்டவனைத் தூக்கியெறியும் மின்னோட்டத்தின் ஆங்கிலப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது எங்ஙனம்?

மக்களின் அறியாமை என்று கற்றவர் சிலர் நகைக்கின்றனர். நகைப்பிற்குரியவர் மக்கள் அல்லர். மருத்துவர் “ரேடியேசன்” என்றார்; அவனுக்கு விளங்கவில்லை. மருத்துவமனைப் பலகையில் “ரேடியோதெரபி” என்றிருந்தது. தமிழ் எழுத்தில் எழுதியிருந்தும் அவனுக்கு விளங்கவில்லை. பெரிய பொறி, தடித்த கதவு, சிவப்பு விளக்கு, உறுமும் ஓசை, அறையில் தன்னந்தனியே தான்! இத்தனையையும் கண்டவன் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லை எடுத்து அதன்மேல் ஒட்டினான். சொல் கொடுக்க வேண்டியவர் கொடாமையால் அவனே ஒன்றைத் தேடிக்கொண்டான். இதில் அவன் செய்த குற்றம் யாது?

அந்த ஒற்றைச் சொல் விளைத்த தீங்கோ பெரிது. “உடம்பில் கரண்டு விடுவார்களாம், எனக்கு வேண்டா” என்று வீட்டிலேயே கிடந்து நோயை முற்றவிட்டவர்களை ஒவ்வோர் ஊரிலும் காணலாம். முதல் நாள் மேடையில் ஏற்றியதும் கை கால் விறைத்து, உலுக்கி எறியப்போகிறது என்று பல்லைக் கடித்துக் கிடப்பவர் எத்தனையோ பேர். உண்மையில் கதிர் உடலில் படும்பொழுது வலியில்லை, சூடில்லை, அதிர்ச்சியில்லை. மின்னாற்றல் பொறிக்குள் ஓடுகிறது. நோயாளியின் உடலில் ஒரு நூலிழையளவும் ஓடுவதில்லை. இந்த ஒரு தொடரை அவன் மொழியில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அணுமின் நிலையம் நிற்கும் கல்பாக்கம் இந்தக் கடற்கரையில்தான் உள்ளது. 1983-இல் அதன் முதல் உலை இயங்கத் தொடங்கியது. அன்றுதொட்டு இப்பகுதி மக்கள் ‘கதிர்வீச்சு’ என்னும் சொல்லை ஓர் அச்சச் சொல்லாகவே கேட்டு வருகின்றனர். ஆகவே அரைகுறைத் தமிழில் “உங்களுக்குக் கதிர்வீச்சுக் கொடுக்கப் போகிறோம்” என்று சொன்னாலும் அச்சம் தீர்வதில்லை, கூடுகிறது. வீட்டிற்குத் திரும்பினால் குழந்தையைத் தொடலாமா, பெயரனைத் தூக்கலாமா, ஒரே தட்டில் உண்ணலாமா என்று அஞ்சி ஒதுங்கிக் கிடக்கும் பாட்டிமார் உளர். வெளியிலிருந்து பொறிவழிச் செலுத்தும் கதிர், பொறியை நிறுத்திய நொடியிலேயே நின்றுவிடுகிறது. உடலில் எதுவும் தங்குவதில்லை. பிறரைப் பற்றுவதும் இல்லை. மின்னோட்டம் என்னும் தவறான பெயரும் வேண்டா. வீச்சு என்னும் மிரட்டும் பெயரும் வேண்டா. ‘கதிர்மருத்துவம்’ என்போம். மருந்து என்பது அப்பெயரிலேயே தெரிகிறதன்றோ?

இனி, ‘ஐ.ஜி.ஆர்.டி.’ என்று நான்கு ஆங்கில எழுத்துகளைச் சுவரில் எழுதிவைத்து மக்களை மலைக்க வைக்கிறார்களே, அஃது என்னவென்று பார்ப்போம். அதற்குப் ‘படவழிக் கதிர்மருத்துவம்’ என்று பெயரிடலாம். படம் பார்த்து, அதன்வழிக் கதிரைச் செலுத்துதல், அவ்வளவே.

நேர்முடுக்கி என்னும் பொறி, மின்துகள்களை மிகு விரைவில் முடுக்கி ஒரு மாழைத் தகட்டில் மோதவிடுகிறது. அங்கிருந்து ஆற்றல் மிக்க ஊடுகதிர் பிறக்கிறது. அக்கதிர் கட்டியின் உயிரணுக்களில் உள்ள மரபிழைகளை அறுக்கிறது. நல்ல அணுக்கள் அவ்வறுப்பைப் பெரும்பாலும் சீர்செய்துகொண்டு மீளும்; புற்றணுக்கள் அந்த அளவிற்கு மீளா. அதனால்தான் முழு அளவையும் ஒரே நாளில் கொடாமல் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பகுத்துக் கிழமைக்கு 5 நாள் என்று 5 கிழமை, 7 கிழமை கொடுக்கின்றனர். கருப்பைவாய்ப் புற்றுக்கு வெளிக்கதிர் பொதுவாக 25 முறை. வாய், தொண்டைப் புற்றுகளுக்கு 33 முதல் 35 முறை. மார்பகப் புற்றில் இப்பொழுது 15 முறையிலேயே முடிப்பதும் உண்டு. 2020-இல் வெளியான ஓர் ஆங்கிலநாட்டு ஆய்வு, சிலர்க்கு 5 முறையே போதும் என்றும் காட்டியுள்ளது.

இதில் படம் எங்கே வருகிறது? மாமல்லைக் கற்றச்சர் வேலை செய்யும் பட்டறைக்கு ஒருமுறை சென்று நில்லுங்கள். கல்லை வெட்டுமுன் காவி நனைத்த நூலைப் பிடித்துக் கோடு அடிப்பார்கள். அக்கோடே உளிக்கு வழி. கதிர்மருத்துவத்திலும் முதல் நாளில் உடம்பின்மேல் மையாலோ பச்சைப் புள்ளியாலோ குறியிடுகின்றனர். அறைச் சுவரிலிருந்து வரும் ஒளிக்கோடு அக்குறியின்மேல் விழுமாறு நோயாளியைக் கிடத்துகின்றனர். ஆனால் கல் அசையாது, மனிதன் அசைவான். தோலின்மேல் உள்ள குறி நேற்றைய இடத்திலேயே இருக்கலாம். உள்ளேயோ சிறுநீர்ப்பை நிறைந்தும் ஒடுங்கியும், குடல் வளியால் உப்பியும் தளர்ந்தும், கட்டியை முன்னும் பின்னும் தள்ளுகின்றன. பழைய முறையில் இதற்கு அஞ்சிக் கட்டியைச் சுற்றி அகலமாக வரம்பு வைத்துக் கதிர் செலுத்தினர். அவ்வரம்புக்குள் அகப்பட்ட நல்ல குடலும் சிறுநீர்ப்பையும் வெந்தன. புதுமுறையில், ஒவ்வொரு நாளும் கதிர் செலுத்துமுன் பொறி நோயாளியை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளுறுப்புகளைப் படம் பிடிக்கிறது. முதல் நாள் எடுத்த படத்தோடு அதனை ஒட்டிப் பார்த்து, படுக்கையை மி.மீ. கணக்கில் நகர்த்திச் சரிசெய்து, பின்னரே கதிர். வரம்பு சுருங்குகிறது, நல்லுறுப்பு தப்புகிறது.

எத்துணைத் தப்புகிறது என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் முன்னின்று நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், கருப்பைவாய்ப் புற்றுக்காக அறுவைக்குப் பின் கதிர் பெற்ற 300 பெண்களை இரண்டு கூறாக்கிப் பார்த்தனர். பழைய முறையில் மூன்றாண்டிற்குள் ஏறத்தாழ 100-க்கு 42 பேர்க்குக் குறிப்பிடத்தக்க குடல் தொல்லை வந்தது. கதிரின் செறிவை வகுத்து, படம் பார்த்துச் செலுத்திய முறையில் 21 பேர்க்கே வந்தது. நேர் பாதி! வயிற்றுப்போக்கினால் வீட்டைவிட்டு வெளியேற முடியாமல், மீன் விற்கவும் களையெடுக்கவும் போக முடியாமல் முடங்கியிருக்க வேண்டிய பெண்களில் பாதிப் பேர் தப்பினர். புற்றைத் தீர்ப்பதில் இம்முறை மாயம் எதுவும் செய்வதில்லை. தீர்த்த பின் வாழும் வாழ்வை வாழத்தக்கதாக்குகிறது. ஏழைக்கு அதுவே பெரிது.

இப்பொழுதுதான் நம் வழக்கிற்கு வருகிறோம். பல கோடி உருவா மதிப்புள்ள அப்பொறி எவ்வளவு கூர்மையானதோ, அவ்வளவிற்கு நோயாளியின் ஒத்துழைப்பை எதிர்பார்ப்பது. மாத்திரையை விழுங்கினால் அதுவே போய் வேலை செய்யும். நோயாளி தமிழனோ சீனனோ என்று அது பாராது. கதிர்ப் படுக்கை அத்தகையதன்று. நீர் குடித்துவிட்டு வா, இவ்வளவு குடி, இவ்வளவு நேரம் அடக்கு, மலங்கழித்துவிட்டு வா, அசையாதே, விழுங்காதே, மூச்சை இழு, பிடி, விடு, குறியை அழிக்காதே, எண்ணெய் பூசாதே. இவை அனைத்தும் சொற்கள். சொல்லில் தொடங்கிச் சொல்லில் நடக்கும் பண்டுவம் இது. சொல் பிழைத்தால் பொறி என்ன செய்யும்? “இன்று சிறுநீர்ப்பை நிறையவில்லை” என்று படம் காட்டும். நோயாளியை இறக்கி வெளியே உட்கார வைத்து, மறுபடியும் நீர் குடிக்கச் செய்வர். அவ்வளவே பொறியால் இயலும். படம் நோயாளியிடம் பேசாது.

நாம் நேரிற் கண்டது ஒன்றைச் சொல்கிறோம். மருத்துவமனையின் பெயர் வேண்டா. கொக்கிலமேட்டுப் பக்கத்து மீனவப் பெரியவர் ஒருவர். முன்னிற்குஞ் சுரப்பியில் புற்று. அவர் கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாள். “புல் பிளாடரோடு வரணும்” என்று வாயாலும் சொல்லியிருக்கிறார்கள். ‘புல்’ என்றால் பெரியவருக்கு ஆடு மேயும் புல்தான் தெரியும். ஏதோ பச்சிலை போலும் என்று எண்ணி, வெறும் வயிற்றோடும் வெறும் சிறுநீர்ப்பையோடும் வந்து கிடந்தார். மூன்று நாள் அடுத்தடுத்து அவரை இறக்கி உட்கார வைத்தனர். நான்காம் நாள் துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மையார்தாம், “ஐயா, தண்ணி குடிச்சிட்டு ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டு வரணும், அவ்வளவுதான்” என்று விளக்கினார். அன்று முடிந்தது. பட்டம் பெற்றவர் பத்துப் பேரால் இயலாததைத் துடைப்பம் பிடித்த கை செய்தது!

இதிலும் நுட்பமான ஒன்று உண்டு. ‘நீர் குடித்துவிட்டு வா’ என்று தமிழில் சொன்னாலும் போதாது. எங்கே, எப்பொழுது என்றும் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து செங்கற்பட்டிற்குத் திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கி.மீ. காஞ்சிக்கும் அடையாற்றிற்கும் அதனினும் தொலைவு. வீட்டிலேயே அரைப்படி நீரைக் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறிய பெண்ணொருத்தி, குண்டும் குழியுமான வழியில் குலுங்கி, அடக்க முடியாமல் வழியிலேயே இறங்கி, நாணத்தோடு மறைவிடம் தேடி அலைகிறாள். வந்து சேரும்பொழுது பை வெறுமை. “சொன்னதைச் செய்யாதவள்” என்று அவளை ஏசுகிறார்கள். ‘மருத்துவமனைக்கு வந்து, சிறுநீர் கழித்துவிட்டு, பிறகு குடி’ என்று எழுதியிருந்தால் இத்துன்பம் உண்டா? அயல்மொழியில் எழுதியதைப் படிக்கத் தெரியாத மக்களிடம் கொடுப்பவனுக்கு, அம்மக்கள் எந்தப் பேருந்தில் வருகின்றனர் என்னும் நினைவும் வருவதில்லை. நோயாளியின் மொழியில் எழுத உட்கார்ந்தால் நோயாளியின் வாழ்வும் கண்முன் வந்து நிற்கும். நாம் மொழியை வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு கரணியம்.

முகமூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாய், தொண்டை, மூளைப் புற்றுகளுக்குத் தலை ஒரு மயிரிழையும் அசையலாகாது. வலைபோன்ற நெகிழித் தகட்டை வெந்நீரில் இளக்கி, முகத்தின்மேல் போர்த்தி, முகத்தின் வார்ப்பாகவே இறுகச் செய்கின்றனர். பிறகு நாள்தோறும் அதனை முகத்தின்மேல் பொருத்திப் படுக்கையோடு பிணைத்துவிடுவர். வாய் திறக்க முடியாது. படம் பார்க்கும் நேரமும் சேர்ந்து கால் மணிநேரம்வரை அவ்வாறே கிடக்க வேண்டும். நடுக்கடலில் புயலைப் பார்த்த மீனவனும் அதற்குள் நடுங்கிப் போகிறான். அஃது இயல்பு, கோழைமையன்று. அந்நேரத்தில் அவனுக்குத் தேவை மூன்று செய்திகள்: மூக்கின் வழி மூச்சுவிடத் தடையில்லை; வெளியில் இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்; கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவோம். இம்மூன்றையும் தன் தாய்மொழியில் கேட்டவன் அமைதியாகக் கிடக்கிறான். கேளாதவன் திமிறுகிறான், அவனுக்கு மயக்க ஊசி தேடுகிறார்கள். அறைக்குள் ஒலிபெருக்கியில் “டோன்ட் மூவ்” என்று ஒரு குரல் வருமாம்! கூண்டுக்குள் அகப்பட்ட மனிதனுக்கு ஆங்கிலத்தில் ஓர் அதட்டல்!

இடப்பக்க மார்பகப் புற்றுக்கு மூச்சை ஆழ இழுத்துப் பிடிக்கச் சொல்கின்றனர். நுரையீரல் விரிந்து நெஞ்சாங்குலையை மார்புச் சுவரிலிருந்து விலக்கும். அந்நொடிகளில் கதிரைச் செலுத்தினால் நெஞ்சாங்குலை தப்பும். இருபது நொடிப்பொழுதுகூட மூச்சைப் பிடிக்க வேண்டும். “பிரீத் இன், ஓல்டு” என்று பொறியிலேயே பதிவு செய்த வெளிநாட்டுக் குரல் சில இடங்களில் ஒலிக்கிறது. ‘மூச்சை இழு’ என்பதற்குப் பொருள் தெரியாமல் பக்கத்திலிருப்போர் முகத்தைப் பார்க்கவும் அவளால் இயலாது. அறையில் எவரும் இல்லை. குறித்த நேரத்தில் பிடிக்காத மூச்சு, நெஞ்சாங்குலையைக் கதிருக்கு அருகில் நிறுத்திவிடும். மூச்சுக்கும் நமக்கும் இடையில் ஆங்கிலம் வந்து நிற்கிறது என்று நாம் சொன்னால் அது வெறும் மேடைப் பேச்சன்று. அளந்து காட்டக்கூடிய உண்மை.

எண்ணெய் முழுக்கிட்டுக் குறியை அழித்துக்கொண்டு வரும் பெண்களையும், வெந்த தோலின்மேல் மஞ்சளும் களிம்பும் அப்பிக்கொண்டு வருவோரையும் ஏசாத இடமில்லை. அவர்கள் தம் பாட்டியிடம் கற்றதைச் செய்கின்றனர். வேறு கற்பித்தவர் யார்?

இன்னொரு கொடுமை இதனினும் ஆழமானது. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மருத்துவர் அவரைப் பாராமல், உடன் வந்த மகனைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசுவார். ‘மாலிக்னன்சி’ என்பார், ‘அட்வான்சுடு’ என்பார், ‘பேலியேட்டிவ்’ என்பார். தந்தைக்குத் தெரியக் கூடாதென்று மகனே வேண்டிக்கொண்டும் இருப்பான். ஆங்கிலம் இங்கே அறிவியலின் மொழியன்று, மறைக்கும் திரை. யாருடைய உடலோ அவருக்குத் தெரியாமல், அவர் முன்னிலையிலேயே, அவர் உடலைப் பற்றிப் பேசுகிறார்கள். அவரோ மகனின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் அறிந்துகொள்கிறார். ஆனால் கேட்க முடியாது, ஏனெனில் அவருக்குச் சொல்லப்படவில்லையன்றோ? ‘புற்று’ என்பது நம் பழஞ்சொல். மண்ணுக்குள் அறியாமல் வளர்ந்து மேலே தலைகாட்டும் புற்றைப் பார்த்து நம் முன்னோர் வைத்த பெயர். அச்சொல்லை வாய்விட்டுச் சொல்லி, ‘இதற்கு இன்ன மருத்துவம் உண்டு, இவ்வளவு நாள், இன்னின்ன துன்பம் வரும், இன்னது தீரும்’ என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசும் மருத்துவரும் உளர். அவர்களிடம் செல்லும் நோயாளி இடையில் ஓடுவதில்லை. அவர்களைத் தலைவணங்கிப் போற்றுகிறோம். தம் பணிக்கிடையே தாமாகவே தமிழில் விளக்கி, கையைப் பிடித்துத் தேற்றும் செவிலியரையும் கருவியாளரையும் போற்றுகிறோம். நம் குற்றச்சாட்டு அவர்கள்மேல் இல்லை. அத்தாளை ஆங்கிலத்தில் அச்சிட ஒப்பமிட்டவர்கள்மேல்!

ஒப்புதல் படிவம் என்று ஒன்று. பக்கம் முழுவதும் ஆங்கிலம். கீழே தமிழ்ப்பெண்ணின் இடக்கைப் பெருவிரற் பதிவு. இது சட்டத்திற்கே பொருந்துமா? 2008-இல் சமீரா கோலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பண்டுவத்தின் தன்மை, நோக்கம், பயன், வேறு வழிகள், இடர்கள் ஆகியவற்றை நோயாளி அறிந்து தரும் ஒப்புதலே ஒப்புதல். புரியாத மொழியில் எழுதிய தாளில் வைத்த கைந்நாட்டு எவ்வகை அறிவின் அடையாளம்? தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-இல் பிறந்தது. அச்சட்டம் அலுவலகக் கோப்புகளைத் தொட்டது. கதிர்ப் படுக்கையைத் தொடவில்லை.

‘அறிவியற் சொற்கள் தமிழில் இல்லையே’ என்று பழைய பல்லவியைப் பாடுவோர் உளர். அவர்களுக்கு ஓர் அமெரிக்கரைக் காட்டுகிறோம். சாமுவேல் கிரீன் என்னும் மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். தமிழைக் கற்றார். 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை, வேதியல் எனப் பெரு நூல்களைத் தமிழாக்கினார். தமிழ்வழி அவரிடம் கற்று மருத்துவராய் வெளிவந்தோர் முப்பதின்மருக்கு மேல். அவர் ஆக்கிய சொற்களில் வடமொழி மிகுதி என்பது நமக்குத் தெரியும். அதில் நமக்கு உடன்பாடில்லை. எனினும், கப்பலேறி வந்த அயலான் ஒன்றரை நூற்றாண்டிற்கு முன் முழு மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்தினான்; இம்மண்ணில் பிறந்து இம்மக்களின் வரியில் படித்தவர்க்கு ஒரு பக்கத் தாளைத் தமிழில் எழுத வரவில்லையாம்! மேலே நாம் நேர்முடுக்கி முதல் மூச்சுப் பிடித்தல் வரை எழுதியிருக்கிறோமே, எங்கேனும் தமிழ் முட்டுப்பட்டதா?

‘உயிர் போகும் நேரத்தில் மொழிப் பேச்சா’ என்பது இன்னொரு கேள்வி. உயிர் போகாமல் இருப்பதற்குத்தான் கேட்கிறோம். இடையில் நின்றுபோன கதிர்மருத்துவம் பயன் குன்றும் என்பதும், நாள் நீள நீளப் புற்றணுக்கள் மீண்டும் பெருகும் என்பதும் கதிர்மருத்துவர் அனைவரும் அறிந்தவை. வாய்ப்புண் வரும், எச்சில் வறளும், சுவை கெடும், கிழமைகள் செல்லச் செல்லத் துன்பம் கூடும், முடிந்த சில கிழமைகளில் புண் பெரும்பாலும் ஆறும் என்று முன்னரே அறிந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கிறான். அறியாதவன், ‘கரண்டு என்னை எரித்துவிட்டது’ என்று மூன்றாம் கிழமையில் ஊருக்குத் திரும்பிவிடுகிறான்.

இவையெல்லாம் எந்த மண்ணில் நடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்த பல்லாவரம் இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ளது. மறைமலையடிகள் பெயரால் ஒரு நகரே இம்மாவட்டத்தில் இருக்கிறது. அடையாற்றில், தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த முத்துலட்சுமி அம்மையார் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய நிலையம், ஏழைக்கும் இம்மருத்துவம் உண்டு என்று இந்நாட்டிற்குக் காட்டியது. காஞ்சிக்கு அருகே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. தமிழ்நாடு என்னும் பெயர் 1969 சனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது. அப்பெயரைத் தந்தவர் அதன் 20-ஆம் நாள், பிப்பிரவரி 3-இல், புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இதில் முன்னே நடந்து, மற்றவை பின்தொடரட்டும் என்று கேட்பது மிகையாகாது. 1965 முதல் இயங்கும் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியும் தன் மாணவர்க்கு நோயாளியோடு தமிழில் பேசும் பயிற்சியைப் பாடமாகவே வைக்கலாம்.

நாம் கேட்பது பெரிதன்று. ஒப்புதல் படிவம் தமிழில். அதனை ஒருவர் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம். பொறியறையின் ஒலிபெருக்கியில் தமிழ்க்குரல். மூச்சுப் பயிற்சியைக் கதிர் தொடங்குமுன் தமிழிலேயே நான்கைந்து முறை பழக்குதல். படிக்கத் தெரியாதவர்க்குப் படமாக வரைந்த தாள். தமிழறியாக் கருவியாளர் எவரேனும் அமர்த்தப்பட்டால், இத்தொடர்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பின்னரே அவர் பொறியைத் தொடுதல். இதற்குக் கோடிகள் வேண்டா. சில நூறு உருவா அச்சுக்கூலியும் கொஞ்சம் வெட்கமும் போதும்.

‘முதலில் எழுதித் தாருங்கள், பார்க்கலாம்’ என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். எழுதியே தருகிறோம்:

“இது கதிர்மருத்துவம். மின்னோட்டம் அன்று, வலிக்காது, சுடாது. கதிர் உங்கள் உடலில் தங்காது. வீட்டில் குழந்தைகளைத் தொடலாம், தூக்கலாம். நாள்தோறும் வாருங்கள், ஒரு நாளும் விடாதீர்கள். வயிற்றின் கீழ்ப்பகுதிக்குக் கதிர் பெறுவோர், மருத்துவமனைக்கு வந்த பின் சிறுநீரும் மலமும் கழித்துவிட்டு, நாங்கள் காட்டும் அளவு நீரைக் குடித்து, நாங்கள் சொல்லும் நேரம்வரை அடக்கி வையுங்கள். அடக்க முடியாவிட்டால் நாணாமல் சொல்லுங்கள். உடம்பில் இட்ட குறிகளைத் தேய்க்காதீர்கள்; எண்ணெய் முழுக்கு வேண்டா; நாங்கள் கொடுக்காத எதையும் அவ்விடத்தில் பூசாதீர்கள். முகமூடி இறுக்கமாக இருக்கும்; மூச்சு முட்டாது. முதலில் படம் பிடிப்போம், பிறகு கதிர். பொறி உங்களைச் சுற்றும், தொடாது. அறையில் நீங்கள் தனியே இருந்தாலும் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். வேண்டுமானால் கையை உயர்த்துங்கள். உடனே நிறுத்தி உள்ளே வருவோம்.”

நீரின் அளவும் நேரமும் அந்தந்த மருத்துவமனையின் கதிர்மருத்துவர் நிரப்ப வேண்டியவை. பிற அனைத்தும் அப்படியே அச்சிடத்தக்கவை. அன்பர்கள் இப்பகுதியை வெட்டியெடுத்துப் படி எடுத்து, தத்தம் ஊர்க்கு அருகிலுள்ள கதிர்மருத்துவப் பிரிவின் தலைவரிடம் நேரிற் சென்று கொடுங்கள். வன்சொல் வேண்டா, நோயாளிகள் நிற்கும் இடம் அது. ஏற்றுக்கொண்ட மருத்துவமனை எது, மறுத்தது எது, மறுப்பிற்குச் சொன்ன விடை யாது என்று அடுத்த திங்கள் 10-ஆம் நாளுக்குள் நமக்கு எழுதுங்கள். ஏற்றவற்றின் பெயர்களை முதற்பக்கத்தில் வெளியிடுவோம்.